ஊர் விளக்கும் சேரி விளக்கும்: பெரியகுளம் வட்டாரத்து மின்சார வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு மூலையில், குமுளி மலையடிவாரத்தில், லோயர் கேம்ப் என வழங்கும் இடத்தில் பெரியாறு நீர்மின் நிலையம் அமைந்துள்ளது. தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் பெரியாற்று நீர் நான்கு பெரும் இரும்புக் குழாய்களில் இறங்கி, இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு, பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்து, வைகை அணையை அடைகிறது. 1958ஆம் ஆண்டு தொடங்கி 1965ஆம் ஆண்டிற்குள் ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறனுடைய நான்கு இயந்திரங்கள் அங்கே நிறுவப்பெற்றன. ஆக மொத்தம் 140 மெகாவாட். அந்நாளில் அது சிறிய அளவன்று. உயர்ந்த கோபுரங்களின் மேல் அம்மின்சாரம் நெடுந்தொலைவு சென்றது. அக்கோபுரங்களின் நிழலில் களையெடுத்த நம் தாய்மார் பொழுது சாய வீடு திரும்பிக் காடா விளக்கைத்தான் ஏற்றினர்.

மின்சாரம் விளையும் பள்ளத்தாக்கிலேயே சேரிக்கு மட்டும் அது பிந்தி வந்தது ஏன்? மின்சாரம் போதவில்லை என்பது விடையாகாது. தண்ணீர் இருந்தது, இயந்திரம் இருந்தது, ஊர் எல்லை வரை கம்பியும் இருந்தது. அக்கம்பியை மேலும் சிறிது தொலைவு நீட்டப் பணம் தருபவர் யார் என்னும் வினா மட்டும் விடையின்றிக் கிடந்தது. அப்பணம் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய கைகளின் வழியே வரவேண்டியிருந்தது. வரும் வழியில் அது எங்கெங்கே நின்றது, ஏன் நின்றது என்பதையே நாம் இக்கட்டுரையில் காணப்புகுகின்றோம்.

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். பகற்பொழுதைக் கூலி வேலையும் ஆடு மாடும் கொண்டுசென்ற குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பு அந்திக்குப் பின்னரே தொடங்கியது. ஆதலின் படிப்பென்பது மண்ணெண்ணெய்ச் செலவாகவே எண்ணப்பட்டது. அடுப்பு அணைந்த பின்னும் விளக்கு எரிந்தால் அது வீண் என்று கருதிய தாயை நாம் குறைகூற இயலாது. நம் சமூகத்தில் முதன்முதலாகப் பள்ளியிறுதி வகுப்பைத் தொட்டவர்களை அணுகிக் கேட்டால், தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்த கதை வராமல் போகாது. அத்தெருவிளக்கு யாருடைய தெருவில் நின்றது என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.

பெரியகுளம் பழைய நகராட்சி. 1886ஆம் ஆண்டில் அது அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள்தான் சென்னை அரசும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் பெரியாற்று நீருக்காக 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டன. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை 40,000 ரூபாய். பாசனத்திற்கென்று எழுதப்பட்ட அந்நீரைக் கொண்டு மின்சாரமும் எடுக்கலாம் எனச் சென்னை அரசு பின்னர் எண்ணியபோது திருவிதாங்கூர் மறுத்தது. நடுவராக அமர்ந்த சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி, நீர் பாசனத்திற்கு மட்டுமே என 1941இல் தீர்ப்பளித்தார். நாடு விடுதலை பெற்ற பின்னரே அத்தடை நீங்கி மின் நிலையம் எழுந்தது. 1970 மே 29ஆம் நாளைய ஒப்பந்தம் அதனை முறைப்படுத்தியது. அதன்படி ஆண்டொன்றுக்கு 35 கோடி அலகு வரை கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாயும், அதற்கு மேற்பட்டால் 18 ரூபாயும் தமிழ்நாடு கேரளத்திற்குச் செலுத்துகிறது. மலையிலிருந்து விழும் நீருக்கு இத்துணை நுட்பமாகக் கணக்கு எழுதத் தெரிந்த ஆட்சிகளுக்குச் சேரியின் இருட்டுக்குக் கணக்கு எழுதத் தெரியாமற் போனது வியப்பே.

மின்சாரம் பற்றிய பழைய சட்டம் 1910ஆம் ஆண்டினது. மின்சாரம் வழங்கும் உரிமத்தைத் தனியார் நிறுவனமும் பெறலாம், உள்ளாட்சி மன்றமும் பெறலாம் என்பது அதன் ஏற்பாடு. சென்னை மாகாணத்தில் பைக்காரா 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் மின்சாரம் தரத் தொடங்கின. அரசு மொத்தமாக உற்பத்தி செய்தது; பல நகரங்களில் உரிமம் பெற்றவர்கள் வாங்கி வீடுகளுக்கு விற்றனர். வரி கொடுக்கும் தெருவுக்கு முதலில் வெளிச்சம் என்பது அந்நாளைய நகராட்சிகளில் எழுதாத விதியாயிருந்தது. வாக்குரிமையும் சொத்தை ஒட்டியே இருந்த காலம் அது. சொத்தில்லாதவர் குரல் மன்றத்திற்குள் நுழைய வழியில்லை.

இதே காலத்தில் அரசு நம் மக்களுக்கென ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. தொழிலாளர் துறை என்ற பெயரில் 1920களில் நடந்த பணியினால் வீட்டுமனை, குடிநீர்க் கிணறு, பாதை, இடுகாடு ஆகியன பல ஊர்களில் கிடைத்தன. 1922இல் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் அரசு ஏடுகளில் ஏறியது. ஆனால் அம்மனைகள் எங்கே அளந்து தரப்பட்டன? ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ஓடைக்கோ வயலுக்கோ அப்பால். பின்வந்த காலனிகளும் அவ்வாறே. 1974இல் தாட்கோ அமைந்து வீடுகள் கட்டத் தொடங்கிய பின்னரும் மனையின் இடம் மாறவில்லை. மேலோர் எனப்பட்டோர் கண்ணில் படாத தொலைவென்று பழைய நாளில் வைத்த இடைவெளியே அரசின் நில வரைபடத்திலும் நிலைத்தது.

இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இதுவே. மின்கம்பி இழுப்பதில் செலவு தொலைவைப் பொறுத்தது. ஊருக்குள் ஒரு கம்பம் நட்டால் இருபுறமும் பத்து வீடுகளுக்கு இணைப்புத் தரலாம். ஊருக்கும் சேரிக்கும் இடைப்பட்ட வெறும் வெளியில் நடும் கம்பங்களுக்கு ஒரு வீடும் கிடையாது. அவை அனைத்தும் வெறுஞ்செலவு. கடைசிக் கம்பத்திற்குப் பின் வருவதோ, மாதம் சில அலகுக்கு மேல் எரிக்க இயலாத குடிசைகள். பொறியாளர் மதிப்பீட்டுத் தாளை எடுத்துக் கூட்டிப் பார்க்கிறார்: போடும் முதலுக்கு ஈடான வருவாய் இல்லை. அவர் சாதி பார்த்தார் என்று சொல்லச் சான்றில்லை, பார்க்கவும் தேவையில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் வேறொருவர் அளந்து வைத்த தொலைவு அவர் தாளில் கம்பத்தின் எண்ணிக்கையாக வந்து நின்றது. தீண்டாமை கணக்குப் புத்தகத்தில் செலவினமாக உருமாறிய விதம் இது.

மறுபக்கம், கிணற்றுக்கு மின்மோட்டார் வைத்தவருக்குக் கம்பி எளிதாய்ச் சென்றது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடும்போது இழுக்கும் மின்சாரம், 40 வாட் விளக்குகள் தொண்ணூறுக்கு மேல் ஒருசேர எரிவதற்கு ஒப்பாகும். வருவாய் நாடும் வாரியம் மோட்டாரை விரும்பியது இயல்பே. பம்புசெட் இணைப்பில் தமிழ்நாடு நெடுங்காலம் இந்தியாவின் முன்வரிசையில் நின்றது. வேளாண்மைக்கு அது செய்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நிலமற்றவர் வீட்டைத் தாண்டி நிலமுள்ளவர் கிணற்றுக்குச் சென்ற கம்பியைப் பள்ளத்தாக்கெங்கும் காணலாம். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. கூலிக்குக் களையெடுத்தவருக்கு அதில் பங்கில்லை.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக விளங்கிய பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களின் பொறுப்பில் மின்சக்தியும் இருந்தது என்பதை நம்மில் பலர் அறியார். 1943 அக்டோபர் 25ஆம் நாள் மின்சக்தி பற்றிய கொள்கைக் குழுவில் அவர் ஆற்றிய உரை, மலிவாகவும் மிகுதியாகவும் மின்சாரம் கிடைத்தாலன்றி நாடு தொழில் வளம் பெறாது, நிலத்தையே நம்பிக் கிடக்கும் வறுமையும் நீங்காது என்னும் கருத்தை வலியுறுத்தியது. மின்சாரம் தனியார் கையில் இருத்தல் தகுமா, அரசின் கையில் இருத்தல் தகுமா என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார். அடுத்த ஆண்டே மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது. அந்நாளைய சிந்தனையின் தொடர்ச்சியாய் 1948ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டம் வந்தது. அதன்கீழ் 1957 சூலை 1ஆம் நாள் சென்னை மாநில மின்வாரியம் பிறந்தது.

வாரியம் பிறந்தபின் உரிமம் பெற்றிருந்த நிறுவனங்கள் படிப்படியாக அதனுள் அடங்கின. மாநிலம் முழுமைக்கும் ஒரே வாரியம், ஒரே கட்டணம் என்பது ஏழை வட்டாரங்களுக்கு நன்மையே. நகரத்து இலாபம் சிற்றூர் இழப்பை ஈடுசெய்யும். ஆனால் இம்மாற்றத்தில் உள்ளாட்சிகளுக்கு ஒரு பாதகமும் நேர்ந்தது. மின்சாரம் விற்று வருவாய் காணும் உரிமை அவற்றுக்கு இல்லாமற் போயிற்று. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் செலுத்தும் கடமை மட்டும் நிலைத்தது. கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சி இன்றளவும் தன் நகரின் ஒரு பகுதிக்குத் தானே மின்சாரம் வழங்குகிறது. பம்பாய் மாநகராட்சி 1947இல் வாங்கிய மின்சார, போக்குவரத்து நிறுவனமும் அவ்வாறே. தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் யாவும் வாங்குபவர் வரிசையில் நிற்கின்றன.

வாங்குவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சியின் அடிப்படை வருவாய் வீட்டுவரி. ஊராட்சி தண்டும் வீட்டுவரிக்கு இணையாக அரசும் அதே தொகையை மானியமாக வழங்கும். ஒரு ரூபாய் தண்டினால் ஒரு ரூபாய் வரும். கேட்பதற்கு நேர்மையான முறை. காரை வீடுகள் நிறைந்த ஊராட்சிக்கு வரியும் மிகுதி, மானியமும் மிகுதி. கூரை வீடுகள் நிறைந்த ஊராட்சிக்கு இரண்டும் குறைவு. ஒரே ஊராட்சிக்குள்ளும் "வரி கட்டுவது நாங்கள், விளக்கு உங்களுக்கா?" என்னும் பேச்சு மன்றக் கூட்டங்களில் எளிதாய் எழுந்தது. கூரை வீட்டுக்கு வரி குறைவு என்பது சலுகையாகத் தோன்றிப் பின்னர் வாயடைக்கும் கருவியாயிற்று.

பெரியகுளம் வட்டாரத்தில் இது மேலும் சிக்கலானது. நடுவே நகராட்சி, சுற்றிலும் தென்கரை, தாமரைக்குளம், வடுகபட்டி, தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி எனப் பேரூராட்சிகள், அவற்றுக்கிடையே ஊராட்சிகள். ஒவ்வொரு வகைக்கும் வேறு வரி, வேறு மானியம், வேறு அலுவலகம். ஒரு காலனி எல்லைக்கோட்டின் எப்பக்கம் விழுகிறதோ அதைப் பொறுத்து அதன் விளக்கும் அமைகிறது. மனு எழுதி எடுத்துச் செல்லும் நம் மக்களை இது உங்கள் அலுவலகம் அன்று என்று திருப்பியனுப்ப இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

இனி, மின்வசதி பெற்ற கிராமம் என்னும் சொல்லின் பொருளைப் பார்ப்போம். 1997 வரை வழங்கிய அரசு விளக்கப்படி, ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தப் பயனுக்காயினும் மின்சாரம் பயன்பட்டால் போதும், அக்கிராமம் மின்வசதி பெற்றதாகும். வயற்காட்டில் ஒரு மோட்டார் ஓடினால் கிராமம் முழுதும் ஒளிபெற்றதாகக் கணக்கு. 1997இல் அது திருத்தப்பட்டு, மக்கள் வாழும் பகுதிக்குள் மின்சாரம் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. ஆயினும் ஊர்த் தெருவில் ஒரு விளக்கு எரிந்தால் அந்த நிபந்தனையும் நிறைவேறிவிடும். 2004ஆம் ஆண்டில்தான் புதிய இலக்கணம் வகுக்கப்பட்டது. குடியிருப்புப் பகுதியிலும், தலித் குடியிருப்பு இருப்பின் அங்கும், மின்மாற்றியும் கம்பியும் இருத்தல் வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், நலவாழ்வு நிலையம் போன்ற பொது இடங்களில் மின்சாரம் இருத்தல் வேண்டும். வீடுகளில் நூற்றுக்குப் பத்தேனும் இணைப்புப் பெற்றிருத்தல் வேண்டும். சேரிக்குக் கம்பி போகாத கிராமம் மின்வசதி பெற்ற கிராமம் ஆகாது என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ள, நாடு விடுதலை பெற்று ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

நம் மாநில வாரியம் பிற மாநிலங்களைக் காட்டிலும் முந்தியே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிராமம், குக்கிராமம், ஆதிதிராவிடர் காலனி, குடிசை என அது தனித்தனிப் பத்திகளில் கணக்கு வைத்தது. தனிப்பத்தி இருந்ததனாலேயே பாக்கியும் தெரிந்தது, பணியும் நடந்தது. 1969இல் தோன்றிய ஊரக மின்மயமாக்கல் கழகம், ஊரில் மின்சாரம் இருந்தும் இருளில் கிடந்த அரிசன குடியிருப்புகளுக்கெனத் தனிக் கடனுதவி தந்தது. அப்பெயரே அரசு ஏடுகளில் அன்று வழங்கியது. அக்கடனில் பெரும்பாலும் வந்தது தெருவிளக்கே. சேரித் தெருவின் தலைப்பில் ஒரு கம்பம், அதில் ஒரு விளக்கு. திறப்பு விழா நடக்கும். காலனிக்கு மின்சாரம் வந்துவிட்டதாக எழுதப்படும். வீட்டினுள் காடா விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும்.

வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது 'குடிசைக்கு ஒரு விளக்கு' என்னும் திட்டத்தினால். மத்திய அரசின் குடீர் ஜோதி திட்டமும் 1988-89இல் அதனுடன் சேர்ந்தது. குடிசை ஒன்றுக்கு 40 வாட் விளக்கு ஒன்று, அளவி கிடையாது, கட்டணத்தை அரசே வாரியத்திற்குக் கொடுக்கும். இத்திட்டத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இன்று நாற்பது, ஐம்பது வயதிலிருக்கும் நம் ஆசிரியர்கள், செவிலியர்கள், அலுவலர்கள் பலர் அந்த ஒற்றை மஞ்சள் விளக்கில் படித்தவர்களே. ஆயின் அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. குடிசை குடிசையாக இருக்கும் வரையில்தான் இலவசம். சிறுகச் சேர்த்துச் சுவரெழுப்பி, காரை போட்டு, ஒரு மின்விசிறி மாட்டிய நாளில் அந்த இணைப்பு செல்லாது. அளவி வைத்து, கட்டணம் செலுத்தி, வேறு பிரிவுக்கு மாற வேண்டும். மாறாமல் விசிறி சுழன்றால் விதிமீறல், அபராதம். பிற்காலத்தில் தொலைக்காட்சி, விசிறி போன்றவற்றுக்கும் அவ்விணைப்பில் இடமளிக்கப்பட்டது.

இணைப்புக் கேட்பவர் வீடு தம்முடையது என்று காட்ட வேண்டும். பட்டாவோ வீட்டுவரி இரசீதோ தேவை. புறம்போக்கிலும், பெயர் மாறாத பழைய மனையிலும் வாழ்ந்தோருக்கு இவை ஏது? ஒரே மனையில் மூன்று தலைமுறை மூன்று குடும்பமாய்ப் பிரிந்து வாழ்ந்தாலும் பட்டாவில் இறந்துபோன பாட்டனார் பெயர் ஒன்றே இருக்கும். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நாட்டில் நூற்றுக்கு 56 வீடுகள் மின்விளக்குப் பெற்றிருந்தபோது பட்டியல் சாதியினரில் 44 வீடுகளே பெற்றிருந்தன. தமிழ்நாட்டில் எல்லாரையும் சேர்த்து அவ்வாண்டு 78, 2011இல் 93. எஞ்சிய வீடுகளில் பட்டாவும் இரசீதும் இன்றித் தவித்தவை எத்தனை என்பதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. தென்னாப்பிரிக்காவில் சொவெட்டோ என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பில், அவர்களின் வீடுகளுக்கு நடுவிலேயே ஒர்லாண்டோ மின் நிலையம் 1940களிலிருந்து புகை கக்கியது. அதன் மின்சாரம் சென்றதோ வெள்ளையர் வாழ்ந்த ஜோகன்னஸ்பர்க் நகருக்கு. புகை சொவெட்டோவுக்கு, வெளிச்சம் நகரத்துக்கு. அங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் கிடைக்க 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின், 2003 முதல் ஏழைக் குடும்பத்திற்கு மாதம் 50 அலகு இலவசம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. பணம் நகராட்சிகளின் வழியே வரும். கணக்கில் ஒதுக்கப்பட்ட குடும்பங்களைக் காட்டிலும் உண்மையில் பயன்பெற்ற குடும்பங்கள் மிகக் குறைவு என்று அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். கடனில் மூழ்கிய நகராட்சிகளின் பொதுச் செலவில் அப்பணம் கரைந்தது. லோயர் கேம்ப்பையும் ஒர்லாண்டோவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மாணவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

மீண்டும் நம் பகுதிக்கு வருவோம். 73ஆம் அரசியற்சட்டத் திருத்தத்தையொட்டி 1994இல் தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996இல் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு கிடைத்தது. தெருவிளக்கு எங்கே நிற்பது என்று முடிவுசெய்யும் நாற்காலியில் முதன்முறையாக நம்மவர் அமரும் வாய்ப்பு அது. அந்நாற்காலிக்கு நேர்ந்த எதிர்ப்பை நாடறியும். மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 சூன் 30ஆம் நாள் கொலையுண்டார். நம் மாவட்டத்திற்கு அண்மையிலுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 அக்டோபர் வரை முறையான தேர்தலே நடக்கவிடப்படவில்லை. எதிர்த்தோர் அஞ்சியது நாற்காலியை மட்டுமன்று, அதனோடு வரும் காசோலைப் புத்தகத்தையும் என்பது நம் துணிபு.

சட்டமும் முழுமையாக உதவவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்கள் நெருங்கிய குடியிருப்புப் பகுதியிலுள்ள பொதுச் சாலைகளுக்கும் இடங்களுக்கும் விளக்கிடுவதை ஊராட்சியின் கடமையாக்கியது. ஊருக்கும் காலனிக்கும் இடைப்பட்ட பாதையில் கட்டடமில்லை. இடுகாட்டுப் பாதையிலும் இல்லை. சிறப்பு வகுப்பு முடிந்து பேருந்திலிருந்து இறங்கி வரும் நம் பெண் பிள்ளைகள் நடக்க வேண்டியது அந்தக் கட்டடமில்லாப் பாதையில்தான். பெண்ணின் படிப்பை இடையில் நிறுத்திய பெற்றோர் பலர் சொன்ன காரணம் வறுமையன்று, இப்பாதையின் இருட்டே.

இன்றைய நிலை யாது? 2016 மே 23ஆம் நாள் முதல் எல்லா வீடுகளுக்கும் இரு மாதத்திற்கு 100 அலகு இலவசம். அதற்கான பணத்தை மாநில அரசு நேரே மின்நிறுவனத்திற்குத் தருகிறது. உள்ளாட்சி இடையில் வருவதில்லை. ஆதலால் வீட்டுக்குள் விளக்கு அணைவதில்லை. தெருவிளக்கு இன்னும் உள்ளாட்சியின் பொறுப்பு. ஊராட்சியில் மின்கட்டணத்திற்கும் குடிநீர்க் கட்டணத்திற்குமென்றே இரண்டாம் எண் கணக்கு ஒன்று உண்டு. மாநில நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதி அதில் சேர்கிறது. மோட்டாரும் விளக்கும் அக்கணக்கை உண்டுவிட்டால், பழுதான விளக்கை மாற்றவும் புதுக் கம்பம் நடவும் பொதுக் கணக்கைத்தான் நாடவேண்டும். 2016 முதல் 2019 இறுதி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இன்றித் தனி அலுவலர்கள் நிருவகித்தபோது, கேட்க வேண்டியவர் யார் என்பதும் மங்கிப்போயிற்று.

இவ்வரவு செலவுகளைக் கிராமசபைக் கூட்டத்தில் வைத்தாக வேண்டும். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கூட்டம். இரண்டாம் எண் கணக்கின் பதிவேட்டையும் தெருவிளக்குகளின் பட்டியலையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம். எந்தத் தெருவில் எத்தனை விளக்கு என்பது அதில் எழுதியிருக்கும்.

நம் பகுதியின் காலனி ஒவ்வொன்றிலும் முதல் விளக்கு எரிந்த ஆண்டு எது என்னும் பட்டியலைக் கழக நூலகம் தொகுத்து வைத்தல் நலம். பழைய மின் அட்டை, முன்வைப்புத் தொகை இரசீது, விளக்கு வேண்டி எழுதிய மனுவின் படி, அதற்கு வந்த மறுமொழி ஆகியவற்றை வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கொணர்ந்தால் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தரப்படும். மை மங்கியிருந்தாலும் தள்ளிவிட வேண்டா.